கடைப் பெயரும் குடும்பக் கையும்

மும்பை மாநகரின் மாதுங்காப் பகுதியில் வட்ட வடிவமான தோட்டம் ஒன்று உண்டு. மகேசுவரி உத்யானம் என்பது அதன் இன்றைய பெயர். ஆயினும், அங்கு வாழும் தமிழர் நாவில் அது கிங்ஸ் சர்க்கிளாகவே நிலைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பக்கம் செல்வோர், சிற்றுண்டிச் சாலைகளின் வாயிலில் பெயரைக் கொடுத்துவிட்டு, அழைப்புக்காகக் காத்து நிற்கும் கூட்டத்தைக் காணலாம். நாமும் அக்கூட்டத்தில் பலமுறை நின்றிருக்கிறோம். நிற்கும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுவதுண்டு. இத்தனை பேர் தேடி வரும் கடை, ஏன் நூறு கிளைகளாகப் பெருகவில்லை?

இக்கடைகளை நம்மவர் கடைகள் என்றே நாம் உரிமையோடு சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் இவற்றுள் பெயர் பெற்றவை பல, கன்னடக் கடற்கரையிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பங்களால் தொடங்கப்பட்டவை. 1940இல் தோன்றிய கபே மெட்ராஸ், பெயரில் சென்னையைத் தாங்கியிருந்தாலும், காமத் குடும்பத்தாருடையது. ராம நாயக் என்பார் 1942இல் மாதுங்கா ரயில் நிலையத்தின் அருகே உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் என்ற உணவகத்தை நிறுவினார். சமையற்கூடத்தில் சிறுவனாக வேலை செய்து உயர்ந்தவர் அவர். தந்தைக்குப் பின் மக்கள், அவர்க்குப் பின் பேரர் என்று இக்கடைகள் கைமாறி வந்திருக்கின்றன. ஆனால், குடும்பத்தை விட்டு வெளியே செல்லவில்லை.

புலால் உணவிலும் இத்தகைய வரலாறு உண்டு. கொலாபாவில், தாஜ் ஓட்டலின் பின்புறத் தெருவில், 1946இல் முகமது யாசீன் என்பவர் கபாப் கடை ஒன்றைத் தொடங்கினார். படே மியான் என்னும் அக்கடையும் அவருடைய குடும்பத்தாரிடமே வளர்ந்தது. இட்லியாயினும் கபாப்பாயினும் தொழிலின் மருமம் ஒன்றுதான். கரி நெருப்பில் கம்பியைத் திருப்பும் நேரமும், உளுந்து மாவு பொங்கும் பக்குவமும் ஏட்டில் எழுதி முடிப்பவை அல்ல. மழைக்காலத்துக் குளிரில் மாவு மெதுவாகப் புளிக்கும்; கோடையில் விரைந்து புளிக்கும். கை வைத்துப் பார்ப்பவனே அதை அறிவான்.

கிளை பரப்ப விரும்புவோர்க்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, தம் பணத்தாலும் தம் ஆட்களாலும் தாமே புதிய கடை திறப்பது. மற்றொன்று, ஒரு தொகை பெற்றுக்கொண்டு தம் பெயரைப் பிறர்க்கு வழங்குவது; பிரான்சைஸ் என்று வணிகர் கூறுவது இதனைத்தான். கடையை நடத்துவோர் விற்பனையில் ஒரு பங்கைத் தொடர்ந்து செலுத்துவர். ஒரே சமையற்கூடத்தில் மசாலாவோ மாவோ தயாரித்து எல்லாக் கடைகளுக்கும் அனுப்பினால், சுவையை ஓரளவு காக்கலாம். முதல் குறைவு, பெருக்கம் விரைவு. ஆனால், ஒரு கிளையில் நேரும் பிழை எல்லாக் கிளைகளையும் பாதிக்கும். பெயர் ஒன்றன்றோ!

இதில் அடங்கிய அபாயத்தை விளக்க அமெரிக்க வரலாறு ஒன்று போதும். மெக்டொனால்டு சகோதரர் இருவர் கலிபோர்னியாவில் நடத்திய சிற்றுண்டிக் கடையின் முறையைக் கண்டு வியந்த ரே கிராக் என்பவர், அதன் பெயரையும் முறையையும் பிறர்க்கு வழங்கும் பொறுப்பை 1954இல் ஏற்றார். உரிமம் பெற்றோரின் விற்பனையில் நூற்றுக்கு 1.9 பங்கு வசூலாயிற்று. அதில் சகோதரர்க்குக் கிடைத்தது 0.5 பங்கே. 1961இல் அவர்கள் 27 லட்சம் டாலர் பெற்றுக்கொண்டு உரிமை முழுவதையும் விற்றனர். முதற்கடையைத் தமக்கென வைத்துக்கொண்டனர். ஆனால், அதன் முகப்பில் தங்கள் குடும்பப் பெயரை எழுதும் உரிமை அவர்களுக்கு இல்லாமற் போயிற்று! வேறு பெயர் சூட்ட நேர்ந்தது. பின்னர் அருகிலேயே கிராக் கடை திறக்க, அவர்களுடைய கடை நலிந்து மூடிற்று.

ஆகவே கிளையே வேண்டாம் என்று நாம் கூற வரவில்லை. பிள்ளைகள் வேறு தொழிலை நாடும்போது, பழைய பெயரைக் காக்கப் பிறர் துணை தேவைப்படலாம். வெளி மாநிலங்களில் கடை வைத்திருக்கும் நம்மவர் மூன்று காரியங்களை மறவாதிருத்தல் நலம். முதலாவது, கடைப் பெயரை வணிகக் குறியாகப் பதிவு செய்வது. 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். இரண்டாவது, சகோதரர்களுக்குள்ளும் பங்கை எழுத்தில் வைப்பது. அன்பு குறைந்ததன் அடையாளம் அன்று அது. அன்பு குறையாமலிருக்க இடும் வேலி. மூன்றாவது, பெயரை வழங்கும்போது, தரம் தவறினால் அதைத் திரும்பப் பெறும் உரிமையைக் கைவிடாதிருப்பது.

ஊரைவிட்டு வந்தவனுக்கு நிலம் இல்லை, உறவு இல்லை. அவன் முதலில் சேர்ப்பது நல்ல பெயர்தான். கிங்ஸ் சர்க்கிளில் காத்து நிற்கும் கூட்டம் அப்பெயரை நம்பியே நிற்கிறது. கடையை விரிப்போர், அந்த நம்பிக்கைக்கு விலை பேசுகிறோம் என்பதை உணர்ந்து விரிப்பாராக.