அப்பத்தா வீடு இருந்த இடம்

(யூபிலி குடும்ப விழாவில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டை முன்னிட்டு, ஒவ்வொரு குடும்பமும் தங்கள் முன்னோரின் பெயர், இறந்த நாள், அடக்கம் செய்யப்பட்ட இடம் ஆகியவற்றை எழுதித் தரும்படி கேட்டிருந்தோம். உங்களில் ஒரு பாட்டியம்மா, "எங்களிடம் கேட்கிறீர்களே சாமி, உங்கள் வீட்டுப் பெயர்களை எழுதிவிட்டீர்களா?" என்று கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாகவே இன்று எங்கள் தகப்பனார் பிறந்து வளர்ந்த வீட்டைப் பற்றிப் பேச முன்வந்தோம்.

அவருடைய ஊர் தனுஷ்கோடி. இப்போது அங்கே போகிறவர்கள் இடிந்த சுவர்களைப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அவருடைய சிறுபிராயத்தில் அது ரயில் நிலையமும் தபால் நிலையமும் சுங்க அலுவலகமும் பள்ளிக்கூடமும் உள்ள கலகலப்பான ஊர். போட் மெயிலில் வந்து இறங்குகிறவர்கள் அங்கிருந்துதான் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறுவார்கள். பாம்பன் பாலம் திறக்கப்பட்ட 1914-ஆம் ஆண்டிலேயே தொடங்கிய போக்குவரத்து அது. சிலோனுக்குப் போகும் துரைமார்களின் பெட்டிகளை எண்ணிக்கொண்டு நிற்பதே சிறுவர்களுக்குப் பொழுதுபோக்காம்.

வடக்கே அமைதியான பெண்கடல், தெற்கே சீறுகிற ஆண்கடல், நடுவே மணலில் எங்கள் அப்பத்தாவின் ஓலை வீடு. தாத்தா முன்னமே இறந்துவிட்டார். அப்பத்தா கருவாடு போட்டு விற்று மூன்று பிள்ளைகளை வளர்த்தார்கள். மூத்தவர் அத்தை, அடுத்தவர் எங்கள் தகப்பனார், கடைசியில் சித்தப்பா. சுற்றிலும் உப்புக் கடல் இருந்தும், மணலைக் கொஞ்சம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். சிரட்டையால் மொண்டு குடம் நிரப்புவார்கள். முதல் குடம் அயல்வீட்டுக் கிழவிக்கு. அதன் பிறகுதான் நம் வீட்டுக்கு. இது அப்பத்தாவின் சட்டம். மாலையில் மாதா சுரூபத்தின் முன் செபமாலை. தூங்கி விழுகிறவனுக்கு மறுநாள் தண்ணீர் மொள்ளும் வேலை. சித்தப்பாவே அதிக நாள் மொண்டாராம்.

1964 டிசம்பர் 22. தகப்பனாருக்குப் பதினாறு வயது, சித்தப்பாவுக்குப் பதின்மூன்று. கிறிஸ்துமஸ் துணிகளைத் தையற்காரரிடமிருந்து வாங்கி வர, அப்பத்தா மூத்த மகனைப் பாம்பனுக்கு அனுப்பினார்கள். "இருட்டுமுன் வந்துவிடு" என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். மாமன் வீட்டில் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். காற்றும் மழையும் வலுத்தன. "காலையில் போகலாம்" என்றார் மாமன். தகப்பனாரும் தங்கிவிட்டார்.

அன்றிரவு புயல் அடித்தது. கடல் ஊருக்குள் புகுந்தது. நள்ளிரவு நெருங்கும் வேளையில் பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயிலும் அதிலிருந்தவர்களோடு அழிந்தது. சித்தப்பா எப்படியோ ஒரு மணல்மேட்டில் ஒதுங்கிப் பிழைத்தார். அப்பத்தாவும் அத்தையும் திரும்பி வரவில்லை. உடல்களும் கிடைக்கவில்லை. அரசாங்கம் பின்னர் அவ்விடத்தை வாழத் தகுதியற்றது என்று அறிவித்தது.

சித்தப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நீ வந்திருந்தால் அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க மாட்டாயா?" தகப்பனார் பதில் சொல்லவில்லை. பிறகு அவர் தூத்துக்குடிக்குப் பிழைக்கப் போனார். சித்தப்பா பாம்பனிலேயே தங்கிவிட்டார். கலியாணம், சாவு என்று வந்தால் ஒரே பந்தியில் உட்காருவார்கள். ஆனால் பேச்சு எங்கள் அம்மா வழியாகவும் சின்னம்மா வழியாகவுமே நடக்கும். பிள்ளைகளாகிய எங்களுக்கு அது வழக்கமாகிவிட்டது. காரணம் கேட்க வேண்டும் என்று கூடத் தோன்றவில்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் ஊரார் பகையெல்லாம் கேட்கிற நாங்கள், சொந்த வீட்டுப் பகையை ஐம்பது ஆண்டுகள் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தோம். நவம்பர் 2-ல் எல்லோரும் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றும்போது, தகப்பனார் மட்டும் கடற்கரைக்குப் போய்விடுவார். கூப்பிட்டாலும் வரமாட்டார்.

2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டது. அதற்குச் சில மாதங்கள் கழித்து, இரண்டு கிழவர்களையும் ஒரே வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். பாம்பனைத் தாண்டும் வரை இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீடு இருந்ததற்கு அடையாளம் ஒன்றுமில்லை. இடிந்த கோவிலின் சுவர் மட்டும் நின்றது. தகப்பனார் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, எட்டுப் போட்டுக் கிழக்கே நடந்தார். நூற்று நாற்பதாவது எட்டில் நின்று, "இதுதான்" என்றார். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "இல்லை அண்ணே, அவ்வளவு தூரம் கிடையாது. நூற்றிருபதுதான்."

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"உன் கால் அப்போது சின்னக் கால். உனக்கு என்னடா தெரியும்?"

"தண்ணீர் சுமந்தவன் நான். எனக்குத் தெரியாதா?"

வாசல் எந்தக் கடலைப் பார்த்தது, ஊற்று எந்தப் பக்கம் என்று அரை மணி நேரம் சண்டை. வெயிலில் நின்று அந்தச் சண்டையை நாங்கள் ஆசையோடு கேட்டுக்கொண்டிருந்தோம். கடைசியில் இருவரும் உட்கார்ந்து கையாலேயே மணலைத் தோண்டினார்கள். ஈரம் கண்டது, தண்ணீரும் ஊறியது. சித்தப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, கடலைப் பார்த்தபடியே சொன்னார்: "நீ வந்திருந்தால் அந்த ரயிலில்தானே வந்திருப்பாய். அது எனக்குப் பிறகுதான் விளங்கியது. சொல்ல வாய் வரவில்லை." தகப்பனார் அவர் தோளில் கையை வைத்தார். அன்று மாலை வேனில் இருவரும் ஒரே இருக்கையில் வந்தார்கள்.

2019-ல் தகப்பனார் காலமானார். பாட்டியம்மா கேட்ட பிறகு, நாங்களும் நம் பங்கின் பெயர்ப் புத்தகத்தைத் திறந்தோம். பெயர்கள் எழுதினோம், இறந்த நாளும் எழுதினோம். அடக்கம் செய்யப்பட்ட இடம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று சித்தப்பாவுக்குத் தொலைபேசியில் கேட்டோம். சற்று நேரம் பேச்சில்லை.

"கோவில் சுவரிலிருந்து கிழக்கே என்று எழுதுங்கள் சாமி" என்றார். "எட்டுக் கணக்கை அண்ணன் சொன்னபடியே போடுங்கள். நூற்று நாற்பது."