டன்னுக்கு எவ்வளவு மிச்சம்?

(முன்னாள் மாணவர் சங்க விழாவில் நிகழ்த்திய உரை)

 

"ஆராய்ச்சி முடிவுகளைத் தொழில்துறைக்கு எடுத்துச் செல்வது எப்படி?" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்த விஷயத்தில் நான் இரண்டு முறை சறுக்கி விழுந்தவன். அந்த இரண்டு சறுக்கலையும் சொன்னாலே தலைப்புக்கு நியாயம் செய்தவன் ஆவேன்.

என் ஆராய்ச்சி கோழித் தீவனத்தில் சேர்க்கும் பைட்டேஸ் என்ற நொதியைப் பற்றியது. மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு இவற்றில் உள்ள பாஸ்பரஸில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட் என்ற வடிவில் பூட்டிக் கிடக்கிறது. கோழியால் அதை அவ்வளவாகத் திறக்க முடியாது. எச்சத்தில் வெளியே போய்விடும். அதனால் டி.சி.பி. என்று நாம் சொல்லும் டைகால்சியம் பாஸ்பேட்டைக் காசு கொடுத்து வாங்கித் தீவனத்தில் போடுகிறோம். பைட்டேஸ் அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி. எச்சத்திலிருந்து போகும் பாஸ்பரஸ் மண்ணையும் நீரையும் கெடுக்கிறது என்று நெதர்லாந்தில் சட்டக் கெடுபிடி வந்தபோது, 1991-ல் இது அங்கே விற்பனைக்கு வந்தது. நம் ஊருக்கு வந்தபோது மண்ணைவிட முதலில் கவனிக்கப்பட்டது பணம்தான். அதில் தப்பும் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் நாமக்கல்லில் பண்ணையாளர் கூட்டம் ஒன்றில் பேசப் போனேன். ஓவர்ஹெட் புரொஜெக்டர், இருபத்திரண்டு தாள்கள். ஒவ்வொரு அட்டவணையிலும் நட்சத்திரக் குறி போட்டு, "புள்ளியியல்படி குறிப்பிடத்தக்க வேறுபாடு" என்று விளக்கினேன். முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். "ஏனுங்க டாக்டர், டன்னுக்கு எத்தனை மிச்சமாகுமுங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "அது பொருளாதாரத் துறை சம்பந்தப்பட்டது" என்று சமாளித்தேன். அவர் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. எல்லாரும் காபி குடிக்கப் போய்விட்டார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே கணக்குப் போட்டேன். பைட்டேஸ் சேர்த்தால் தீவனத்தில் 0.1 சதவீதம் பாஸ்பரஸைக் குறைக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். டன்னுக்கு ஒரு கிலோ பாஸ்பரஸ். டி.சி.பி.யில் பாஸ்பரஸ் 18 சதவீதம். ஆக டன்னுக்கு ஐந்தரை கிலோ டி.சி.பி. குறையும். ஒரு முட்டைக்கோழி நாளைக்கு 110 கிராம் தின்கிறது. 50,000 கோழி என்றால் நாளுக்கு ஐந்தரை டன் தீவனம். வருஷத்துக்குப் பதினோரு டன் டி.சி.பி. மிச்சம். அதன் விலையிலிருந்து பைட்டேஸின் விலையையும், குறைகிற கால்சியத்துக்குக் கூடுதலாகப் போடும் கிளிஞ்சல் செலவையும் கழித்துவிட்டால் விடை வந்துவிடும். பத்து நிமிஷ வேலை! நான்கு வருஷ ஆராய்ச்சியில் அந்தப் பத்து நிமிஷத்தை நான் ஒதுக்கவில்லை.

இது முதல் சறுக்கல். இதில் போனது என் மானம் மட்டும்தான். இரண்டாவதில் அடுத்தவர் பணம் போயிற்று.

அடுத்த கூட்டத்துக்குக் கணக்கோடு போனேன். ஒரே தாள், ஒரே எண். கைதட்டல் பலமாக இருந்தது. பிராய்லர் வளர்க்கும் ஒருவர், சொந்தமாகச் சின்ன மில் வைத்திருப்பவர், மறுநாளே பைட்டேஸ் வாங்கி, டி.சி.பி.யைக் குறைத்துவிட்டார். மூன்றாவது வாரம் போன் வந்தது. போய்ப் பார்த்தேன். குஞ்சுகள் நடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தன. அலகைப் பிடித்து வளைத்தால் ரப்பர் மாதிரி வளைந்தது.

காரணம் என்னவென்றால், எங்கள் சோதனை முழுக்க மாவுத் தீவனத்தில் நடந்தது. அவரோ நீராவி விட்டு பெல்லட்டாக அடிப்பவர். அந்த நாளைய பைட்டேஸ் அந்தச் சூட்டில் செயலிழந்துவிடும். சாவியும் போயிற்று, டி.சி.பி.யும் குறைந்தது.

தோழர்களே, இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. என் ஆய்வேட்டிலேயே ஒரு வரி எழுதியிருக்கிறேன். பேச்சின் வேகம் கெட்டுவிடுமே என்று மேடையில் அதை விட்டுவிட்டேன். "நீங்க சொன்னதத்தானுங்களே செஞ்சேன்" என்றார் அவர். மில்லில் கலவை சரியில்லை, சரக்கு பழசு என்று ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம்; நாக்கு நுனி வரை வந்தது. ஆனால், "தப்பு என்னுதுங்க. சொல்ல வேண்டியதைச் சொல்லாம விட்டுட்டேன்" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனம் இன்னும் காதில் இருக்கிறது.

பிறகு சூடு தாங்கும் பைட்டேஸ்கள் வந்தன. பெல்லட் அடித்த பின் தெளிக்கும் முறையும் வந்தது. அடுத்த ஆண்டு அதே மனிதர் போன் செய்தார். "ஒரு ஷெட்டுல மட்டும் போட்டுப் பாக்கலாமுங்களா? மத்ததுல பழைய தீவனமே இருக்கட்டும்" என்றார். ஒப்பீட்டுச் சோதனை என்று நாம் வகுப்பில் படித்ததை அவர் நஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டிருந்தார்.

இளம் மருத்துவர்களே, தொழில்துறைக்குப் போகும்போது ஒரே தாள் போதும். முதல் வரியில், இன்றைய விலையில் டன்னுக்கு எவ்வளவு மிச்சம் என்று எழுதுங்கள். அடுத்ததாக, எந்தக் கோழியில், எந்த வயதில், எந்த வகைத் தீவனத்தில் சோதித்தோம் என்பது. கடைசியாக, எங்கே இது பலிக்காது என்பது. அந்தக் கடைசி வரியைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். முதல் வரி இல்லாவிட்டால் அவர்கள் காபி குடிக்கப் போய்விடுவார்கள். கடைசி வரி இல்லாவிட்டால் நம்மை நம்பினவர் நஷ்டப்படுவார்.