குடலும் குலமும்

(குப்பனூரில் நடைபெற்ற சங்க வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



இத்தகைய மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுவதே வழக்கம். நாமோ குடலைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். காரணம் உண்டு.

நாம் ஒன்பதாம் வகுப்பில் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில், ஒரு விழா நாளன்று ஆளுக்கொரு குவளைப் பால் வழங்கப்பட்டது. அன்றிரவு எங்களில் நால்வருக்கு வயிறு உப்பி இரைந்து கழிச்சல் கண்டது. விடுதிக் காப்பாளர், "கூழுக்குப் பிறந்த குடலில் பால் எப்படித் தங்கும்?" என்றார். அச்சொல்லுக்கு அன்று நம்மிடம் விடை இல்லை.

பாலில் லாக்டோஸ் என்னும் சர்க்கரை உளது. அதனைப் பிளக்கும் நொதி லாக்டேஸ். அந்நொதியை ஆக்கும் மரபணு நம் உடலின் தோல், மூளை, ஈரல் ஆகிய எல்லா உறுப்புகளின் உயிரணுக்களிலும் இருக்கின்றது. ஆயினும் அது தொழிற்படுவது சிறுகுடலில், அதிலும் சிறப்பாக அதன் நடுப்பகுதியில். ஏன்? மரபணுவுக்கு அருகே, 'இங்கே திற, இங்கே மூடு' என ஆணையிடும் டி.என்.ஏ. பகுதிகள் உள்ளன. குடலுக்குரிய சில புரதங்கள் அப்பகுதிகளில் வந்து பற்றினால்தான் மரபணு விழித்துக்கொள்ளும். காட்டா-4 என்பது அவற்றுள் ஒன்று. சுண்டெலியின் குடலில் அப்புரதத்தை நீக்கியபோது, நடுச்சிறுகுடல் கடைச்சிறுகுடலின் இயல்பைப் பெற்றது, லாக்டேஸும் பெரிதும் குறைந்தது.

தாய்ப்பால் மறந்தபின் இம்மரபணு அடங்கிவிடுவதே மனித இயல்பு. உலகில் வளர்ந்தோருள் பெரும்பான்மையோர் இவ்வகையினரே. பிளக்கப்படாத சர்க்கரை பெருங்குடலை அடைய, அங்குள்ள நுண்ணுயிர்கள் அதனைப் புளிக்கவைத்து வாயுவை உண்டாக்குகின்றன. அன்றிரவு எங்கள் வயிற்றில் நடந்தது அவ்வளவே.

சிலருக்கு மட்டும் அது அடங்காதிருப்பது எதனால்? 2002ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு அறிஞர் லீனா பெல்டோனன் குழுவினர் விடை கண்டனர். லாக்டேஸ் மரபணுவுக்கு 13,910 எழுத்துகள் முன்னதாக, 'சி' இருக்குமிடத்தில் 'டி' இருந்தால் அம்மரபணு முதுமை வரை தொழிற்படும். வியப்பு என்னவெனில், அவ்வெழுத்து இருப்பது அண்டை மரபணு ஒன்றின் உள்ளே! நம் வீட்டு விளக்குக்கு அடுத்த வீட்டுச் சுவரில் விசை வைத்தாற்போல.

நம் நாட்டில் 2,000க்கு மேற்பட்டோரை ஆராய்ந்த முடிவுகள் 2012இல் வெளிவந்தன. ஹைதராபாத்து உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மைய அறிஞர்களும் அதில் பங்கு கொண்டனர். ஐரோப்பியரிடம் காணும் அதே எழுத்து இங்கும் உளது; வடமேற்கில் மிகுதி, தெற்கிலும் கிழக்கிலும் குறைவு. ஆனால் தெற்கேயே, நம் சேர்வராயன் மலைக்கு மேற்கே நீலகிரியில் எருமை வளர்த்து வாழ்ந்த தோடர்களிடம் அது மிக அதிகம்! கால்நடை மேய்த்துப் பாலால் வாழ்ந்த முன்னோர் யார் என்பதையே அவ்வெழுத்து காட்டுகின்றது. ஆப்பிரிக்க மேய்ப்பர்களிடமோ அதே பகுதியில் வேறு எழுத்துகள் மாறி அதே பயனைத் தருவதாக 2007இல் கண்டறிந்தனர். உயர்வு தாழ்வு என்னும் பேச்சுக்கு இதில் எங்கே இடம்?

இளைஞர்களே, வீட்டில் ஒரு பிள்ளை பால் குடித்தால் வயிறு வலிக்கிறது என்றால் அதட்டாதீர்கள். தயிரும் மோரும் கொடுத்துப் பாருங்கள். அவற்றின் நுண்ணுயிர்கள் அச்சர்க்கரையில் ஒரு பங்கை முன்னரே மாற்றிவிடுகின்றன. சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு உண்டு. நாம் கூழ் என்று கேட்ட ஏச்சும் அதைக் குறித்ததே.

அக்காப்பாளரும் காப்பிக்குச் சில துளிப் பாலே விட்டுக்கொள்வார். விழா நாளில் தமக்கென வைத்த குவளையைத் தொடாமல் மோர் கேட்டு வாங்கிக் குடித்தார் என்பது, இதையெல்லாம் படித்தபின் நம் நினைவுக்கு வந்தது.