சியாச்சினுக்கு மலையேறிகளின் கடன்



கடற்கரை இராயபுரத்தில் கூடி சியாச்சின் பனியாற்றைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். இங்கே ரயில் நிலையம் திறந்த 1856-இல்தான் நில அளவையாளர் மாண்ட்கோமெரி காஷ்மீர மலை ஒன்றில் நின்று, சியாச்சின் உள்ள காரகோரத் தொடரின் கே-2 சிகரத்தைக் குறித்தார். அவரை அங்கே கொண்டுபோன நில அளவைக்கு லாம்டன் 1802-இல் முதல் அடிக்கோடு அளந்தது நம் பரங்கிமலை அருகே. இவற்றைவிடப் பெரிய உறவு ஒன்றும் உண்டு. 2016 பிப்ரவரி 3 அன்று, பத்தொன்பதாயிரம் அடிக்கு மேலிருந்த சோனம் காவல்நிலை பனிச்சரிவில் புதைந்தது. மாண்ட பத்துப் பேரும் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19-ஆம் பட்டாலியனைச் சேர்ந்தவர்கள். நால்வர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். ஆறு நாள் பனிக்கடியில் உயிரைப் பிடித்துக் கிடந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவையும் காப்பாற்ற முடியவில்லை. எதிர்ப்பக்கத்தில், பாகிஸ்தானின் பிடியில் உள்ள பகுதியில், 2012 ஏப்ரலில், கயாரி முகாம் புதைந்து 140 பேர் இறந்தார்கள். இரு விபத்துகளும் 2003-இல் போர்நிறுத்தம் வந்த பிறகு நடந்தவை. ஒரு குண்டும் சுடாமல் இத்தனை உயிர்கள் போயிருக்கின்றன.

சியாச்சின் யாருக்கு என்று இந்தியாவும் பாகிஸ்தானும் மோதும் இந்தத் தகராறில் மலையேற்றத்துக்கும் பங்கு உண்டு. அதை மலைகளை நேசிக்கும் நாம்தான் முதலில் சொல்ல வேண்டும். 1972-இல் வகுத்த கட்டுப்பாட்டுக் கோடு என்.ஜே. 9842 என்ற புள்ளியோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் பனியாறுகளை நோக்கி வடக்கே என்று 1949 உடன்பாடு சொன்னதோடு சரி. அங்கே யார் போகப் போகிறார்கள் என்ற நினைப்பு. போனவர்கள் மலையேறிகள். எழுபதுகளில் வெளிநாட்டுக் குழுக்களுக்குப் பாகிஸ்தான் அனுமதி கொடுத்தது. 1978-இல் கர்னல் நரேந்திர குமார் இந்தியக் குழுவோடு ஏறினார். சிகரம் ஏறக் கொடுத்த அனுமதிச்சீட்டு நிலத்துக்குப் பட்டா ஆகிவிட்டது. 1984 ஏப்ரல் 13 அன்று நம் படை சால்டோரோ மலைத்தொடரில் இறங்கியது.

அதற்கு முந்தைய ஆண்டுதான் இந்தியா அண்டார்டிகா ஒப்பந்தத்தில் சேர்ந்தது. உரிமைக் கோரிக்கைகளை அப்படியே நிறுத்திவைத்து, படை நடவடிக்கைகளைத் தடுத்து, ஆய்வு போன்ற அமைதிப் பணிகளுக்கு மட்டும் இடம் கொடுக்கும் ஒப்பந்தம் அது. தென்துருவத்தில் நாம் ஏற்ற முறையைக் காரகோரத்திலும் பேசிப் பார்க்கலாம் என்பது என் உறுதியான எண்ணம். சியாச்சினை அமைதிப் பூங்காவாக்கலாம் என்று ஹரிஷ் கபாடியா போன்ற மலையேறிகளே பல்லாண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். அவர்களின் கடன் அது, நன்றாகவே அடைக்கிறார்கள்.

தடை எங்கே என்பதும் தெரிந்ததே. படைகள் இன்று நிற்கும் இடங்களை வரைபடத்தில் குறித்து ஒப்புக்கொண்ட பிறகே விலகலாம் என்கிறது இந்தியா. பாகிஸ்தான் அதற்கு இசையவில்லை. விலகிய உச்சியை மற்றவர் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்ற நம் ராணுவத்தின் அச்சம் நியாயமானது. கார்கில் போருக்குப் பிறகு அதை யாரும் தள்ளிவிட முடியாது. ஆகவே அமைதி வேண்டும் என்று தீர்மானம் போட்டுக் கலைவதற்கு நாம் இங்கே வரவில்லை. ஆளில்லாத உச்சிகளைச் செயற்கைக்கோளாலும் உணர்கருவிகளாலும் இரு நாடும் நம்பும்படி கண்காணிக்க முடியுமா? நூப்ரா ஆற்றுக்கு நீர் தரும் அந்தப் பனியில் சேர்ந்த கழிவை யார், எந்த வழியாக இறக்குவது? பொறியாளர்களும் பனியியல் அறிஞர்களும் இதற்கு விடை தரவேண்டும். தொலையுணர்வு பற்றிய முதல் கட்டுரையை வாசிக்க அழைக்கிறேன்.