நம்பிக்கை என்னும் முதல்



தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுகளில் திருவிளக்குக் கொடைகள் பல காணப்படுகின்றன. முதலாம் இராசராச சோழன் காலத்தில், அக்கோயிலில் ஒரு விளக்கு எரிவதற்கென 96 ஆடுகள் இடையரிடம் ஒப்படைக்கப்பட்டன. அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய்யைக் கோயிலுக்கு அளத்தல் வேண்டும். முதிர்ந்த ஆடு இறப்பின் குட்டி வளர்ந்து அவ்விடத்தை நிரப்பும், எண்ணிக்கை குறையாது. ஆதலின் இத்தகைய ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டுகள் வழங்கின.

ஆடு மேய்வதோ ஊர்ப்புறத்தில்; விளக்கு எரிவதோ திருமுன்னிலையில். இவ்விரண்டையும் இணைத்தது யாது? நம்பிக்கையே. ஆயினும் அது வெறும் வாய்ச்சொல்லாக விடப்படவில்லை. ஆடு பெற்ற இடையரின் பெயரோடு, அவருக்குப் பிணை நின்ற உறவினர் பெயர்களும் கல்லில் பொறிக்கப்பட்டன. ஒருவரது நாணயத்திற்கு அவர்தம் சுற்றமே ஈடாக நின்றது. அவ்வாறே, கோயிலுக்குரிய காசு ஊர்ச்சபைகளிடம் முதலாக வைக்கப்பட்டது. காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு, அஃதாவது நூற்றுக்கு 12.5, வட்டியாக வந்தது.

பொன்னும் நிலமும் போல, மக்கள் ஒருவரையொருவர் நம்பும் பண்பும் ஒரு செல்வமே. இக்கால அறிஞர் இதனைச் 'சமூக மூலதனம்' என்பர். இத்தாலி நாட்டில் 1970ஆம் ஆண்டு வட்டார அரசுகள் பல அமைக்கப்பெற்றன. அமைப்பு ஒன்றாயினும், சில வட்டாரங்களில் ஆட்சி செம்மையுற்றது, சிலவற்றில் தளர்ந்தது. இராபர்ட் பட்னம் என்னும் அமெரிக்க அறிஞர் இதனை நெடுங்காலம் ஆராய்ந்து, 1993ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். இசைக்குழு, விளையாட்டுக் கழகம், கூட்டுறவுச் சங்கம் எனக் கூடிப் பழகிய மக்கள் வாழும் வட்டாரங்களிலேயே ஆட்சியும் சிறந்து விளங்கியது என்பது அவர் கண்ட முடிவு.

எனினும் நம்பிக்கை என்பது கண்களை மூடிக்கொள்வது அன்று. "தெரிந்தவர் சொன்னார்" என்னும் ஒரு சொல்லைக் கேட்டு, பதிவு பெறாத சீட்டில் மகளின் திருமணத்திற்கென்று சேர்த்த பொருளை இட்டு இழந்த குடும்பங்கள் எத்தனையோ! ஏமாற்றுவோர் முதலில் கைக்கொள்வது பணத்தை அன்று, உறவை. முதலிற் சேர்ந்தவர் தம் தமக்கையைச் சேர்ப்பார். தமக்கை அண்டை வீட்டாரைச் சேர்ப்பார். சீட்டு முறியும்பொழுது பொருள் மட்டுமோ போகின்றது? உடன்பிறந்தாரிடையே பேச்சும் நின்றுவிடுகின்றது. முன் அனுமதியும் பதிவும் பிணைத்தொகையும் வேண்டும் என்று 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டம் விதித்திருப்பது இக்கேடு கருதியே. பணம் கட்டுமுன் பதிவுச் சான்றைக் கேட்டுப் பார்ப்பதில் நாணம் வேண்டா.

முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியன. ஊர் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை அவை கூறுகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படுதல் ஆகாது. அவர்தம் நெருங்கிய உறவினர்க்கும் அத்தடை உண்டு. ஊரார் நம்பி ஒப்படைத்த பொறுப்புக்குக் கணக்கே காவலாக அமைந்தது.

இம்மரபின் சாயலை இன்றும் காணலாம். நபார்டு வங்கி 1992ஆம் ஆண்டு சுயஉதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. 10 முதல் 20 பேர் கொண்ட குழுவில் ஈடு வைக்க நகையுமில்லை, நிலமுமில்லை. ஒருவரையொருவர் அறிந்திருத்தலே ஈடு. கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் சேமிப்பு எண்ணப்படுகின்றது, பதிவேட்டில் எழுதப்படுகின்றது. எழுத்தறியாத உறுப்பினர்க்கு அது படித்துக் காட்டப்படுதல் வேண்டும். அவ்வாறு நடைபெறும் குழு நிலைக்கும். கணக்கை ஒருவரே மறைத்து வைத்திருக்கும் குழு கலையும்.

ஆதலின் கணக்குக் கேட்பவர் ஐயுறுபவர் அல்லர். கணக்குக் காட்டுபவர் தாழ்ந்தவரும் அல்லர். இருவரும் நம்பிக்கையைக் காப்பவரே. குடும்பத்திலாயினும், ஊர்ப்பொதுவிலாயினும், திருவிழா நன்கொடையிலாயினும் இவ்வொழுக்கம் வேண்டும். இடையர் நாள்தோறும் அளந்த உழக்கு நெய்யே விளக்கை அணையாது காத்தது. நாள்தோறும் காட்டும் நாணயமே ஒருவர்மீது ஒருவர் வைத்த நம்பிக்கையையும் அணையாது காக்கும்.