எதுவார் குபேர்: பாரிஸ் நாடாளுமன்றத்திலிருந்து புதுச்சேரிச் சட்டமன்றத்துக்கு



நம் நெய்வேலி, மந்தாரக்குப்பம் பக்கத்தில் பஸ் ஏறி வடலூர், குறிஞ்சிப்பாடி, கடலூர் தாண்டினால் முள்ளோடையில் புதுச்சேரி எல்லை வந்துவிடும். ஜிப்மரில் வைத்தியம் பார்க்க, துணி எடுக்க, கடற்கரையில் உட்கார என்று அந்த எல்லையைத் தாண்டாத குடும்பம் நம் பக்கத்தில் குறைவு. 1954 வரை அந்த எல்லைக்கு அப்பால் நடந்தது பிரெஞ்சு ஆட்சி. அங்கே ஓட்டுப் போட்ட தமிழர்கள் பாரிஸ் நாடாளுமன்றத்துக்கே ஒரு உறுப்பினரை அனுப்பிவந்தார்கள். அப்படிப் பாரிசுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு, பின்னாளில் இந்தியாவில் முதலமைச்சரான ஒருவரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். எதுவார் குபேர் அவர் பெயர். புதுச்சேரி பெரிய மார்க்கெட்டும் கடற்கரைச் சாலையும் அவர் பெயரில்தான் இருக்கின்றன.

குபேர் 1894இல் புதுச்சேரியில் பிறந்தார். ஐரோப்பிய வம்சமும் இந்திய வம்சமும் கலந்த குடும்பம். பிரெஞ்சுச் சட்டமும் நீதிமன்றமும் நன்றாக அறிந்தவர். அலுவலகங்களில் யார் சொன்னால் எந்தக் காகிதம் நகரும் என்பது அவருக்குத் தெரியும். கிராமத்தில் யார் சொன்னால் எத்தனை ஓட்டு விழும் என்பதும் தெரியும். அவருடைய அரசியல் இந்த இரண்டு அறிவின் மேல் எழுந்தது.

அவர் தலைவராக எழுந்த காலத்தைப் புரிந்துகொள்ள, அதற்குச் சற்று முந்தைய ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் எட்டு மணி நேர ஷிப்ட் பார்க்கும் நம் வீட்டுக்காரர்களுக்கு இது நெருக்கமான செய்தி. 1936 ஜூலை 30 அன்று, புதுச்சேரி சவானா பஞ்சாலையில் போராடிய தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 பேர் செத்தார்கள். அப்போது பாரிசில் சோஷலிஸ்டுத் தலைவர் லெயோன் ப்ளூமின் இடதுசாரிக் கூட்டணி அரசு இருந்தது. செய்தி அங்கே போய் எதிரொலித்தது. 1937இல் பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. இந்தப் போராட்டத்தை நடத்தியவர் மக்கள் தலைவர் வ. சுப்பையா. அன்று முதல் புதுச்சேரியில் இடதுசாரி என்ற பேருக்குப் பெரிய மதிப்பு வந்தது.

அந்த மதிப்பு நிலவிய காலத்தில், 1947இல் தொடங்கிய ஒரு புதிய கட்சியும் பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சி என்று பெயர் வைத்துக்கொண்டது. குபேர் அதன் முன்னணித் தலைவர்களில் ஒருவர். பெயர் சோஷலிஸ்ட் என்றாலும், அதைத் தாங்கி நின்றவர்கள் பெரும்பாலும் நிலக்காரர்கள், வியாபாரிகள், அதிகாரிகள். இந்தியா விடுதலை பெற்ற பிறகும் பிரெஞ்சு ஆட்சியோடு சேர்ந்திருப்பதே அவர்களுக்கு அனுகூலம். 1948 அக்டோபரில் நடந்த நகராட்சித் தேர்தலில் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் அந்தக் கட்சி பெருவாரியாக வென்றது. அடியாட்களும் கள்ள ஓட்டும் விளையாடின என்று எதிர்த்தரப்பு குற்றம் சாட்டியது. 1950இல், எதிர்த்தரப்பில் நின்ற சுப்பையாவின் வீடு தீக்கிரையானது.

1951இல் குபேர் பிரெஞ்சு நாடாளுமன்றத் தேர்தலில் நின்று, அதுவரை உறுப்பினராக இருந்த லாம்பேர் சரவணேயைத் தோற்கடித்துப் பாரிஸ் போனார். சரவணே அதற்குள் இந்தியாவோடு சேர வேண்டும் என்ற பக்கம் வந்துவிட்டிருந்தார். ஆகவே இணைப்பை எதிர்த்தவராகத்தான் குபேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஆனால் காலம் வேகமாக மாறிக்கொண்டிருந்தது. அதற்கு முன்பே, 1949இல் இந்தியா, பிரெஞ்சிந்தியாவோடு இருந்த சுங்க ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. எல்லையில் சோதனைச் சாவடிகள் வந்தன. கடத்தல் பெருகியது. அன்றாடப் பொருளுக்கு அலைந்த ஏழைகளுக்குக் கஷ்டம். கடத்தலில் கை வைத்தவர்களுக்குக் கொழுத்த பணம். அதே 1949இல், வங்காளத்தில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சந்திரநாகூரின் மக்கள் வாக்களித்து இந்தியாவைத் தேர்ந்தெடுத்தார்கள். பிரெஞ்சுக் கொடியைப் பிடித்து நிற்க இனி இடமில்லை என்பது 1954 தொடக்கத்தில் யாருக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டது.

அந்த ஆண்டு மார்ச் மாதம் குபேர் தடம் மாறினார். மார்ச் 18 அன்று, புதுச்சேரியிலும் சுற்றியிருந்த கொம்யூன் என்ற உள்ளாட்சிப் பகுதிகளிலும் இருந்த மேயர்களும் ஆட்சிக் குழுவினரும், வாக்கெடுப்பே வேண்டாம், இந்தியாவோடு சேருகிறோம் என்று தீர்மானம் போட்டார்கள். மாத இறுதியில், புதுச்சேரிப் பகுதியைச் சேர்ந்த நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏறியது. குபேரும் புதுச்சேரி மேயர் முத்துப்பிள்ளையும் அங்கிருந்து தற்காலிக அரசு ஒன்றை நடத்தினார்கள்.

ஏன் மாறினார்? நிர்வாக ஊழல் பற்றிய விசாரணை அவரை நெருங்கியது, அதற்குப் பயந்தே மாறினார் என்று அன்றே பேசினார்கள். வரலாறு எழுதியவர்களும் இதைக் குறிப்பிடுகிறார்கள். அவருடைய மனதுக்குள் போய்ப் பார்க்க நம்மால் முடியாது. செயலின் விளைவைப் பார்க்க முடியும். அந்த மாற்றம் இல்லாமல் போயிருந்தால், பிரெஞ்சு நிர்வாகத்துக்கு உள்ளூரில் ஒரு தூண் மிச்சம் இருந்திருக்கும். அந்தத் தூணே நகர்ந்த பிறகு பாரிஸ் எதைப் பிடித்து நிற்கும்?

பாரிசிலும் அந்த வருடம் ஒரு பெரிய மாற்றம் வந்தது. மே 7 அன்று வியட்நாமில் தியென் பியென் பூவில் பிரெஞ்சுப் படை தோற்றது. ஜூன் 18 அன்று பியேர் மெந்தேஸ் பிரான்ஸ் பிரதமரானார். மிதவாத இடதுசாரியான ராடிக்கல் கட்சிக்காரர். இரண்டாம் உலகப் போரில் சிறையிலிருந்து தப்பி, விடுதலைப் பிரெஞ்சுப் படையில் விமானத்தில் பறந்தவர். ஜூலை 20க்குள் இந்தோசீனப் போரை முடிக்கிறேன், முடியாவிட்டால் பதவி விலகுகிறேன் என்று நாடாளுமன்றத்தில் கெடு வைத்தார். ஜெனீவாவில் அந்தக் கெடுவுக்குள் உடன்பாடு கண்டார். வாராவாரம் வானொலியில் வந்து தன் முடிவுகளை மக்களுக்கு நேராக விளக்கினார். இந்தியாவிலிருந்த பிரெஞ்சுப் பகுதிகளையும் சண்டையில்லாமல் ஒப்படைக்கலாம் என்ற முடிவு அவருடைய ஆட்சியில்தான் கைகூடியது. எட்டு மாதம்கூட அவர் பதவியில் இருக்கவில்லை. ஆனாலும் நம் பக்கத்து ஊரின் தலையெழுத்து அந்தக் குறுகிய காலத்தில் மாறியது.

1954 அக்டோபர் 18. எல்லையோரக் கிராமமான கீழூரில் பிரெஞ்சிந்தியாவின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 170 பேர், எதிர்த்து 8 பேர். மூன்று நாள் கழித்து டெல்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. அதே நவம்பர் 1 அன்று அல்ஜீரியாவில் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான போர் வெடித்தது. அது 1962 வரை நீடித்து, லட்சக்கணக்கான உயிர்களைக் குடித்தது. ஒரே நாளில் இரண்டு மண்; ஒன்றில் கையெழுத்து, மற்றொன்றில் ரத்தம். பேச்சுவார்த்தையின் அருமை தெரிய இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அந்தப் போரின் காரணமாகவே, 1956இல் கையெழுத்தான ஒப்படைப்பு உடன்படிக்கையைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஆறு ஆண்டுகள் தள்ளிப் போட்டது. அல்ஜீரியா விடுதலையான பிறகுதான், 1962 ஆகஸ்ட் 16 அன்று, புதுச்சேரி சட்டப்படி இந்தியாவின் பகுதியானது. நெய்வேலி அனல்மின் நிலையத்தின் முதல் பிரிவு மின்சாரம் தந்ததும் அதே 1962இல்தான்.

1963 ஜூலை 1 அன்று புதுச்சேரிச் சட்டமன்றம் பிறந்தபோது, அதன் முதல் முதலமைச்சராகப் பொறுப்பேற்றவர் எதுவார் குபேர். அப்போது அவருக்கு ஏறக்குறைய எழுபது வயது. 1964 செப்டம்பர் வரை பதவியில் இருந்தார். அவருக்குப் பின் வெங்கடசுப்பா ரெட்டியார் வந்தார். குபேர் 1979இல் காலமானார்.

நேயர்களே, இந்த வாழ்க்கைக்கு என்ன மதிப்பெண் போடுவது? தியாகி என்று சொன்னால் 1948 தேர்தலை மறைக்க வேண்டும். சந்தர்ப்பவாதி என்று மட்டும் சொன்னால் நெட்டப்பாக்கத்தை மறைக்க வேண்டும். இரண்டையும் மறைக்காமல் சொல்வதே நியாயம் என்று நான் நினைக்கிறேன். அதிகாரத்தைச் சேர்க்க அவர் கையாண்ட வழிகள் தவறானவை. ஆனால் மாற வேண்டிய நேரத்தில் மாறினார். அந்த மாற்றம் புதுச்சேரி பேச்சுவார்த்தையால் கைமாற உதவியது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களின் எதிர்காலத்தை 178 பேர் முடிவு செய்தார்கள். முடிவு சரியானதுதான். ஆனால் சந்திரநாகூர் மக்களுக்குக் கிடைத்த ஓட்டுச் சீட்டு புதுச்சேரி விவசாயிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் கிடைக்கவில்லை. தலைவர்கள் பேசி முடித்துவிட்டார்கள் என்பதற்காக மக்களைக் கேட்காமல் விடுவது எந்த ஊரிலும் நல்ல வழக்கம் ஆகாது. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த நம் ஊர் மக்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நவம்பர் 1 புதுச்சேரியில் விடுதலை நாள். கீழூரில் அந்த வாக்கெடுப்பின் நினைவிடம் இருக்கிறது. விடுமுறையில் புதுச்சேரி போகும்போது, பிள்ளைகளை ஒரு தடவை அங்கேயும் கூட்டிப் போங்கள். குபேரின் கதையைச் சொல்லும்போது சுப்பையாவின் கதையையும், சவானா ஆலையில் உயிர் விட்ட அந்த 12 பேரின் கதையையும் சேர்த்தே சொல்லுங்கள். விடுதலை அவர்கள் எல்லோருடைய உழைப்பும் சேர்ந்து வந்தது.