ஒப்பனையம்மாள் ஊரிலிருந்து வருகிறேன்

(தலைப்பு: 'அழகிப் போட்டி பெண்ணுக்குப் பெருமையா? சிறுமையா?' 'பெருமையே' அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர்களே! அடுப்பை அணைச்சிட்டு வந்து டி.வி. முன்னால உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே!

நான் சங்கரன்கோவில் பக்கம் கரிவலம்வந்தநல்லூர்க்காரி. எங்க ஊர்ச் சாமி பால்வண்ணநாதர். அம்பாள் பேரு ஒப்பனையம்மாள். அம்பாளுக்கே ஒப்பனைன்னு பேர் இருக்கிற ஊர்க்காரிகிட்ட, பொண்ணு அலங்காரம் பண்ணி மேடை ஏறலாமான்னு கேக்குறாங்க! (சிரிப்பு)

எதிரணி அண்ணாச்சி உருக்கமாகப் பேசினார். 1996-ல் பெங்களூரில் உலக அழகிப் போட்டி நடந்தபோது, அதை எதிர்த்து மதுரையில் ஓர் இளைஞர் தீக்குளித்து இறந்தார். நீச்சலுடைச் சுற்றையே செஷல்ஸ் தீவுக்கு மாற்றினார்கள். அந்த உயிருக்காக நானும் வருந்துகிறேன். ஆனால் மேடை ஏறிய பெண்கள் ஏன் ஏறினார்கள் என்று யாராவது கேட்டோமா?

1994-ல் சுஷ்மிதா சென் மிஸ் இந்தியா போட்டிக்குப் போட்ட உடுப்பு எது தெரியுமா? சந்தையில் வாங்கிய துணி. தைத்தவர் பாவாடை தைக்கிற உள்ளூர் தையல்காரர். கையுறை? சாக்ஸை வெட்டித் தைத்தது! (கைதட்டல்) அதே ஆண்டு பிரபஞ்ச அழகிப் பட்டமும் வாங்கினார். வாங்கின இடம் மணிலா.

அந்த பிலிப்பைன்ஸ் நாட்டைப் பாருங்க. 1969, 1973, 2015, 2018 என்று நாலு தடவை அந்தப் பட்டத்தை வாங்கிய நாடு. நம்ம ஊர்க் கொடையில கரகாட்டம் மாதிரி, அங்கே ஊர்த் திருவிழான்னா அழகிப் போட்டி. ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்கிற பிலிப்பைன்ஸ் பெண்கள் அங்கேயும் போட்டி நடத்துகிறார்கள். 2016-ல் அதைப் பற்றி ஒரு படமே வந்தது. ஆறு நாள் அடுத்த வீட்டுப் பாத்திரம். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் தலையில் கிரீடம். ராத்திரி மறுபடி முதலாளி வீடு. அந்த ஒரு நாள்தான் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், ஐயா!

ஏன், நம்ம விழுப்புரத்துக்கு வாங்க. சித்திரையில் கூவாகம் திருவிழாவை ஒட்டி திருநங்கைகளுக்கு 'மிஸ் கூவாகம்' நடக்கிறது. பெத்த வீடே 'வெளியே போ'ன்னு சொன்ன பிள்ளையை, ஒரு கூட்டம் கைதட்டி 'வா'ன்னு கூப்பிடுது. இது சிறுமையா? (பலத்த கைதட்டல்)

கிரீம் வியாபாரம் என்கிறார் அண்ணாச்சி. உண்மைதான். வளையல் கடை வருதுன்னு ஆடித்தபசை நிறுத்தினோமா? கருப்பா இருக்கிற பிள்ளை மனசை நோகடிக்கிற வியாபாரத்தை நானும் எதிர்க்கிறேன். ஆனா அந்தக் கிரீமை முதல்ல கேட்டது மேடையா? இல்லை. பொண்ணு பார்க்க வந்தவங்க!

எங்க பெரியக்காவைப் பொண்ணு பார்க்க ஏழு தடவை வந்தாங்க. காபித் தட்டோட நடக்கச் சொன்னாங்க. பாடச் சொன்னாங்க. முடி சொந்த முடியான்னு இழுத்துப் பார்த்தாங்க. பஜ்ஜி, கேசரி எல்லாம் சாப்பிட்டுட்டு, 'ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்'னாங்க. (சிரிப்பு) சிரிக்காதீங்க. கலந்துக்கிட்டது அவ ஒருத்திதான். அந்தப் போட்டியிலயும் அவ தோத்துட்டா!

(அரங்கில் அமைதி)

ஏழாவது தடவை அக்கா அடுக்களையில என்கிட்ட சொன்னா: 'ஒருத்தராவது, உனக்குச் சம்மதமான்னு கேட்டாங்களாடி?'

நடுவர் அவர்களே, மேடைப் போட்டியில் கடைசிச் சுற்று கேள்விச் சுற்று. கேள்வி கேட்டுட்டு, அந்தப் பொண்ணு வாய் திறக்கிற வரைக்கும் அரங்கமே காத்திருக்கும். எங்க வீட்டுக் கூடத்துல அந்தச் சுற்றே கிடையாது.

மேடையை இடிக்கணும்னா இடிங்க. அதுக்கு முன்னால உங்க வீட்டுக் கூடத்துல அந்த ஒரு கேள்வியைக் கேளுங்க. அதுவரைக்கும், பொண்ணைப் பேச விட்டுக் காத்திருக்கிற மேடை பெருமையே, பெருமையே என்று சொல்லி அமர்கிறேன்.